விறாந்தைத் தூணின் அடிநிறம்

அக்கா எண்ணெய் கொதிக்கிற தாச்சியிலிருந்து றோல்ஸை அள்ளி முடிக்கட்டும் என்று காத்து நின்றபோதுதான் அது நடந்தது. என் கை சும்மா இராது. விறாந்தைத் தூணில் வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன். கீழே பச்சை. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் இந்த வுப்பர்டாலில் பழைய வீடு என்றால் கறுப்புச் சிலேட்டுச் சுவர், வெள்ளைச் சன்னல், பச்சைச் சன்னல்கதவு என்று ஊரே ஒரு சீருடையில் நிற்கும். பச்சையையும் கிளப்பினேன். உள்ளே செங்கல் சிவப்பு.

நகம் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் ஒருவரும் மரத்தூணைச் செங்கல் சிவப்பில் பூசமாட்டார்கள். அமெரிக்காவில் பூசினார்கள். ஆஹெனில் கட்டடக்கலை மாணவியான நான் அந்த அரையாண்டு முழுக்க அமெரிக்காவின் பழைய மரவீடுகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வீடு வெள்ளையாகப் பிறக்கவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் பளிச்சென்று பட்டது: இந்த விறாந்தையை இடிக்காமல் நிறுத்த இந்தச் சிவப்பே போதும்.

இடிப்பதாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டைத் தெருவில் எல்லாரும் அமெரிக்கன் வீடு என்பார்கள். ரிப்பன் நெய்து விற்ற ஒருவர் அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி, அங்கே கண்டது மாதிரியே மரத்தால் கட்டுவித்தாராம். சரிவின் மேலே, சிலேட்டு வீடுகளுக்கு நடுவில், கடைசல் பிடித்த தூண்களோடு தோட்டப் பக்கம் நீளமான விறாந்தையை நீட்டிக்கொண்டு நிற்கும். திருத்தப் பயந்து வேறொருவரும் வாங்காததால் அக்காவும் அத்தானும் வாங்கினார்கள். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஓர் ஆணி அடிப்பதென்றாலும் டெங்க்மால் அலுவலகத்தை, அதாவது பழைய கட்டடங்களைக் காக்கிற நகர அலுவலகத்தை, கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

ஆனால் விறாந்தை அந்தப் பாதுகாப்புக்குள் வருமா என்பது எவருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து ஒட்டியது என்று ஒரு பேச்சு இருந்தது. ஒட்டியது என்றால் இடிக்கலாம். வீட்டோடு சேர்ந்து பிறந்தது என்றால் ஒருவரும் தொட ஏலாது. அந்த ஒரு கேள்வியில்தான் அக்காவின் அடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா பொரிப்பது விறாந்தையில். இங்கே எங்கள் ஆட்கள் பலர் வீட்டுக்குள் பொரிப்பதில்லை. கராஜிலோ பல்கனியிலோ நிலவறையிலோ இரண்டாவது அடுப்பு ஒன்று இருக்கும். உள்ளே பொரித்தால் கொழுவியில் தொங்கும் யக்கெற்றெல்லாம் மணக்கும், பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அக்காவுக்கு அது வெறும் இரண்டாவது அடுப்பும் இல்லை. துப்புரவு வேலையை விட்டுவிட்டு, பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியவீடு என்று றோல்ஸும் பற்றிஸும் வடையும் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள். முறைப்படி பதிந்து நடத்தும் தொழில். தன் பெயரில் ஓடுகிற முதல் வேலை என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தாச்சியைக் கழுவிக் கவிழ்க்கும் விதத்தில் அது தெரியும்.

அத்தானுக்கு அந்த விறாந்தையைக் கண்ணில் காட்டக்கூடாது. குளிர்காலத்தில் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவருடைய கால் உக்கிய பலகையை உடைத்துக்கொண்டு தொடைவரை இறங்கிவிட்டது. வேலைக்குப் போகாமல் காலை நீட்டிக்கொண்டு கிடந்த நாட்களில்தான் அவர் இடிக்க அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு அன்ட்ராக் எழுதினார். எழுதி அனுப்பிய பிறகுதான் அக்காவுக்குச் சொன்னார்.

“இண்டைக்கு என்ர கால். நாளைக்குப் பிள்ளையளின்ர கழுத்து. அப்ப ஆரைப் போய்க் கேக்கிறது?” என்றார்.

“உள்ளுக்கு என்னால பொரிக்க ஏலாது” என்றாள் அக்கா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதென்றாலும் என் வழியாகத்தான் கேட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் நான் செங்கல் சிவப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அத்தான் என் நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மச்சாள், நீர் ஆஹெனில படிக்கிறது வீடு கட்டவோ, வீட்டைச் சுரண்டவோ?”

சுரண்டுவதும் படிப்புத்தான் என்றேன். அது உண்மை. பழைய மரத்தில் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும்; ஒருவரும் முழுதாக உரிப்பதில்லை. ஓர் இடத்தைச் சின்னக் கத்தியால் கீறி, தண்ணீர் தொட்ட உரத்தாளால், நீர்த்தாளால், தேய்த்துத் தேய்த்துக் குழியாக்கினால் உள்ளே வளையம் வளையமாக எல்லாப் பூச்சும் தெரியும். நடுவில் இருப்பதுதான் முதல் நிறம். வீட்டின் கதவு நிலையிலும் விறாந்தைத் தூணிலும் அந்த வளையங்கள் ஒரே ஒழுங்கில் வந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே பூசப்பட்டவை. இதைவிட எளிதாக ஒரு வழக்கு இருக்க ஏலாது என்று நினைத்தேன்.

அமெரிக்க வீடு என்றவுடன் எல்லாருக்கும் வெள்ளைதான் கண்ணுக்குள் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, படிக்கும்வரை. டின்னில் அடைத்த பெயின்ட் ரயிலேறி ஊர் ஊராகப் போகத் தொடங்கிய காலத்தில் அங்கே வீடுகள் இருண்ட நிறங்களுக்குப் போயின. கடும் பச்சை, காவி, ஈரக்கல்லின் சாம்பல், செங்கல் சிவப்பு. சுவருக்கு ஒன்று, விளிம்புகளுக்கும் தூண்களுக்கும் ஒன்று, சன்னல் சட்டத்துக்கு எல்லாவற்றிலும் கடுமையானது. தெருவிலிருந்து பார்த்தால் சன்னல் ஆழமாகத் தெரியும். பிறகு வெள்ளை நாகரிகம் வந்து அத்தனையையும் மூடிவிட்டது. மூடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அது எப்போதும் வெள்ளைதான் என்று நம்பினார்கள்.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. பழைய நிறத்தைத் தேடிச் சுரண்டியவர்களே ஒரு காலம் ஏமாந்திருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பெயின்ட் வெளிச்சம் படாமல் கிடந்தால் மஞ்சள் பூக்கும். பல பூச்சுக்குக் கீழே இருட்டில் கிடந்து மஞ்சளித்துப்போன துண்டைப் பார்த்து, முன்னோர் மங்கலான நிறங்களையே விரும்பினார்கள் என்று எழுதி, நல்ல நீல வீடுகளை அழுக்குப் பச்சையாகப் பூசிவைத்திருக்கிறார்கள். திறந்த குழியைச் சில கிழமைகள் பகல் வெளிச்சத்தில் விட்டிருந்தால் மஞ்சள் தானாக வெளுத்து உண்மை நிறம் வந்திருக்கும்.

அந்தப் பிழையை நான் விடப்போவதில்லை. கோடை தொடங்கும்போது தெருப் பக்கக் கதவு நிலையில் ஒரு குழி, விறாந்தையில் நடுத்தூணில் ஒரு குழி. இரண்டிலும் சிவப்புக்கும் உள்ளே, நடுவில் ஒரே மாதிரி மங்கல், சாம்பலா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஓர் அழுக்கு நிறம். சந்தோசமாக இருந்தது. இரண்டும் ஒன்றுதான் போலிருந்தது, ஆனால் “போலிருந்தது” என்று அலுவலகத்துக்கு எழுத முடியாது. தூணில் கடதாசி ஒட்டி, இதை ஒருவரும் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, மறைக்கக்கூடாது என்று எழுதிவிட்டு ஆஹெனுக்குச் சோதனை எழுதப் போனேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

நான் திரும்பி வந்தது கெவலார் திருவிழா முடிந்த பிறகு. ஆவணி மாதத்தில் எங்கெங்கோ இருந்தெல்லாம் தமிழர் மாதாவிடம் அங்கே கூடுவார்கள். அக்காவுக்கு வருடத்திலேயே பெரிய வேலை அதுதான். வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் விறாந்தைக்கு ஓடினேன். குழியின் நடுவில் பொன் இருந்தது. காவி கலந்த, தேன் போன்ற, நல்ல அழுத்தமான பொன்னிறம். அமெரிக்க வீடுகளின் நிறஅட்டைகளில் நான் பார்த்துப் பார்த்து மயங்கிய அதே நிறம்.

கதவு நிலையைப் போய்ப் பார்த்தேன். அங்கே அழுக்கு வெளுத்து, பச்சை சாடையாகக் கலந்த சாம்பலாக வந்திருந்தது.

இரண்டும் வேறு வேறு. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கோ பொன் கிடைத்த அவசரம். முகப்புக்குச் சாம்பல், தோட்டத்துக்குப் பொன் என்று வீட்டைக் கட்டுவித்தவர் வேண்டுமென்றே பூசியிருப்பார், அமெரிக்காவில் அப்படியும் செய்ததுண்டு என்று படங்களோடு ஓர் அறிக்கை எழுதி, அன்றைக்கே டெங்க்மால் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பார்க்க ஆள் வருவதாக நாள் குறித்து டெர்மின் தந்தார்கள். அத்தான் அதே கிழமைக்கு இடிக்கிற ஆட்களுக்கும் சொல்லிவைத்தார். வெல்லுகிற பக்கம் வேலை தொடங்கட்டும் என்பது போல.

வந்தவர் ஐம்பது வயதிருக்கக்கூடிய ஒரு பெண். நெற்றியில் விளக்கு, கழுத்தில் உருப்பெருக்கி, கையில் என் அறிக்கை. பல இடங்களில் அடிக்கோடு இட்டிருந்தார். அக்கா தேத்தண்ணியும் ஒரு தட்டு நிறைய றோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். வேலை நேரத்தில் எதுவும் எடுக்க முடியாது, தண்ணீர் மட்டும் போதும் என்றார் அவர்.

“ஒரு றோல்ஸ் திண்டா லஞ்சமாமோ” என்று அத்தான் தமிழில் முணுமுணுத்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைத் துணி போட்டு மூடி, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.

முதலில் கதவு நிலை. அவர் முழங்காலில் இருந்து பார்த்து, சாம்பல், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு விறாந்தைக்கு வந்தார். உக்கிய பலகைகளை அத்தான் ஒவ்வொன்றாகக் காட்டி, இதில் கால் வையாதேங்கோ, அதில் வையாதேங்கோ என்று ஜெர்மனில் சொன்னார். அவருடைய பக்கத்துக்கு அதுவும் ஒரு சாட்சி. பெண் தூணுக்குக் கிட்டப் போய் விளக்கைப் போட்டு, வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மலைக்கு மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. 

“மேலே உள்ள மூன்றும் கதவோடு ஒத்துப்போகின்றன” என்றார் கடைசியில். “முதலாவது ஒத்துப்போகவில்லை. நீங்கள் எழுதியது அழகான விளக்கம். ஆனால் இதே படத்தை வைத்து நான் வேறு கதை சொல்லலாம். வேறு ஒரு கட்டடத்தில் பொன்னிறமாக இருந்த தூண்களை யாரோ வாங்கி வந்து பிறகு இங்கே பொருத்தியிருக்கலாம். அதுதான் எனக்கு நடந்திருக்கக்கூடியதாகப் படுகிறது. அப்படியென்றால் இடிப்பதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை.”

அத்தான் மூச்சை விட்டார். நல்ல மனிதர், அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை, அக்காவைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்தார். அக்கா துணியின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் என் அறிக்கையே என் பக்கத்தை விழுத்திவிட்டதை விளங்கிக்கொண்டு, சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்று அந்தக் குழியையே முறைத்தேன்.

பெண் எழுதுவதற்காகத் தலையைத் திருப்பினார். நெற்றி விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. பொன்னிறத்தின் நடுவில் ஒரு விரலின் ரேகை தெரிந்தது. என் விரல்தான், காலையில் ஆசையாகத் தொட்டுப் பார்த்திருந்தேன்.

நூறு வருடம் காய்ந்த எண்ணெய்ப் பெயின்ட் கல்லைப் போல இருக்கும். அதில் ரேகை பதியாது.

 சொன்னால் என் அறிக்கை முழுவதும் குப்பை. இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் எழுதிய மற்றதையெல்லாம் அந்தப் பெண் ஏன் நம்ப வேண்டும்? சொல்லாவிட்டால் இடி. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். இது பெயின்ட் இல்லை, இதைத் துடைத்துப் பாருங்கள் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்து, சின்னப் போத்தலில் இருந்த சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, குழியின் நடுவில் மெல்ல உருட்டினார். பஞ்சு மஞ்சளாகியது. மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் அதை அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா மணக்கவே இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது அவளுக்கு.

“கெவலார்” என்றாள்.

தேய்த்துப் புதிதாய்த் திறந்த பழைய பெயின்ட் கடதாசியைப் போல உறிஞ்சும். நான் வெயில் படட்டும் என்று திறந்து விட்டுப்போன குழி, அக்கா திருவிழாவுக்குப் பொரித்த கிழமையெல்லாம் தாச்சிக்கு எதிரே நின்று எண்ணெய்ப் புகையைக் குடித்திருக்கிறது. வெள்ளை முன்பே மஞ்சளித்துக் கிடந்தது, பச்சையிலும் சிவப்பிலும் அது தெரியவில்லை. சாம்பலில் பொன்னாகத் தெரிந்தது. இருட்டு மஞ்சளாக்கிய பெயின்டைப் பற்றி அத்தனை புத்தகம் படித்திருந்தேன். றோல்ஸ் மஞ்சளாக்கிய பெயின்டைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெண் அதற்கு மேல் என்னைத் தொடவிடவில்லை. தானே குச்சி குச்சியாக மாற்றித் துடைத்தார். பொன் போகப் போக, கீழே பச்சை சாடையாகக் கலந்த சாம்பல் வந்தது. பிறகு அடுப்பிலிருந்து எட்டத்தில் இருந்த கடைசித் தூணுக்குப் போய், தன் கத்தியால் தன் கையாலேயே புதிதாக ஒரு குழி தோண்டினார். சாம்பல், சிவப்பு, பச்சை, வெள்ளை. அதை அவர் சத்தமாகச் சொன்னார். மழை விழத் தொடங்கியிருந்தது, ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை.

“வீட்டோடு பிறந்ததுதான்” என்றார். “இடிக்க அனுமதி இல்லை. உக்கிய பலகைகளை மாற்றுங்கள், அதற்கு அலுவலகம் ஆலோசனை தரும்.”

நான் அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண் நடந்துபோய் அடுப்பின் மேல் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே இருந்த கூரைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். தேன் நிறத்தில் மினுங்கியது அது. வந்து போகிற எல்லாரும் பழைய வார்னிஷ் என்று நினைத்திருந்த மினுக்கம்.

இதைக் கண்டபிறகு எழுதாமல் போக முடியாது என்று, கோபமில்லாமல், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். பாதுகாக்க வேண்டிய மரத்தின் கீழ் திறந்த நெருப்பில் எண்ணெய் கொதிக்கக்கூடாது. அடுத்த டெர்மினுக்குள் அடுப்பை எங்கே வைக்கப்போகிறோம் என்று காட்ட வேண்டும். புகை மரத்தில் படாது என்பதற்கும் ஏதாவது ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பை எடுக்கச் சொல்லிக் கடிதம் வரும். கைகொடுத்துவிட்டுப் போனார். றோல்ஸ் தட்டு அப்படியே இருந்தது.

“இப்ப இடிக்கவும் ஏலாது, பொரிக்கவும் ஏலாது” என்றார் அத்தான். “கெட்டிக்காரி மச்சாள் நீர்.”

குத்தலாகச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் களைத்துப்போனார். அக்கா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னிடம் கேட்டாள்.

“விறாந்தை தப்பிட்டுது. என்ர அடுப்பு?”

 நிறத்தைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தானே இந்தச் சுரண்டலைத் தொடங்கினேன்? கண்டுபிடித்தாயிற்று. அன்று பின்னேரம் ஆஹெனுக்குத் திரும்பும் ரயிலில் சன்னலோரம் இருந்தபோது என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்குள்தான் யோசனை வந்தது. புகை எவ்வளவு தூரம் போகும் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பொரிக்கிற அக்காவுக்கும் தெரியாது. ஆனால் தேய்த்த சாம்பல் பெயின்ட் ஒன்று இருக்கிறதே, அதற்குத் தெரியும். அதைப்போல எண்ணெயைக் காட்டிக்கொடுக்கிற நிறம் வேறு இல்லை.

பலகைத் துண்டுகள் வாங்கினேன். ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்டில் அந்தச் சாம்பலைக் கலக்கவே பல தடவை பிடித்தது; கொஞ்சம் பச்சை கூடினால் ஆஸ்பத்திரிச் சுவர், குறைந்தால் மழைத் தண்ணீர். இப்போது என் அறை முழுக்கப் பூசிய பலகைகள் சாய்ந்து காய்கின்றன. காய்ந்ததும் மேலே நீர்த்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அந்தத் தூண் போல உறிஞ்ச வைக்க வேண்டும்.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். தோட்டத்தின் கீழ்ப்பக்கம், சரிவு முடிகிற இடத்தில், அடுப்பை வைத்து மேலே தகரம் போடலாமோ என்று அவளே யோசித்து வைத்திருந்தாள். அத்தான் அங்கே நிலத்தை அளந்து பார்த்ததாகவும் சொன்னாள். எனக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னாராம்.

“ஆனால் காத்து மேல வாற பக்கமடி அது” என்றாள். “புகை விறாந்தைக்குத்தான் ஏறும் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு.”

அதைத்தான் பார்க்கப் போகிறோம். வாற சனிக்கிழமை ஒரு ஞானஸ்நானத்துக்கு அவளுக்குப் பெரிய ஓடர் இருக்கிறது. அடுப்பைக் கீழே இறக்கி, அங்கே வைத்தே பொரிப்பாள். தாச்சிக்குப் பக்கத்திலிருந்து சரிவு நெடுக, விறாந்தைப் படிகள் வரை, பலகைகளை வரிசையாகக் கயிற்றில் கட்டப்போகிறேன். கடைசிப் பலகை விறாந்தையின் கைப்பிடியில் இருக்கும். இப்படியே ஒவ்வொரு ஓடருக்கும் ஒரே பலகைகள், ஒரே இடங்கள், அடுத்த டெர்மின் வரை. எந்தப் பலகை மஞ்சளானாலும் பரவாயில்லை. கைப்பிடியில் கட்டியது மட்டும் சாம்பலாகவே இருக்க வேண்டும். அது பொன்னாகினால், அடுப்பை இன்னும் எங்கே தள்ளுவது என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே தோட்டம் இல்லை.